தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் அது யார் தப்பு?

ரொம்ப நாளாக மனசை உறுத்திக்கிட்டு இருந்த ஒரு விஷயத்தை இன்னைக்கு உங்களிடம் சொல்லிடறேன்.

நான் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெவலப்பர். அங்கே எதுக்கும் ஒரு முறை கிடையாது. ஒருத்தர் எழுதிய கோடை இன்னொருத்தர் பார்க்கும் வழக்கமே இல்லை. டெஸ்ட் டேட்டாபேஸுக்கும் வாடிக்கையாளர்களின் நிஜ டேட்டாபேஸுக்கும் பெயரில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பாஸ்வேர்டும் ஒன்றே.

ஒருநாள் நானே தப்பான டேட்டாபேஸில் நுழைந்து டெலீட் கமாண்டை டைப் பண்ணிட்டேன். என்டர் தட்டும் முன் கவனித்ததால் தப்பித்தேன். கை நடுங்கிடுச்சு. "பெயரைப் பார்" என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி என் மானிட்டரில் ஒட்டினேன். அதோட சரி, யாரிடமும் சொல்லலை.

ஆறு மாதம் கழித்து, புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் அதே தப்பைப் பண்ணினான். அவன் என்டரைத் தட்டிட்டான். முந்தின நாள் பேக்கப் இருந்ததால் மற்றதெல்லாம் திரும்பி வந்தது. ஆனால் அன்றைய ஆர்டர்கள் போனது போனதுதான். மீட்டிங்கில் எல்லார் முன்னாடியும் அவனுக்குத் திட்டு. தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். நான் லேப்டாப்பையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

"கம்பெனி சரியில்லை, நான் என்ன பண்ண முடியும்?" என்று எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய்யும் இல்லை.

அமெரிக்காவில் நைட் கேபிடல் என்று ஒரு பங்கு வர்த்தக நிறுவனம் இருந்தது. 2012 ஆகஸ்ட் 1-க்காக ஒரு புது புரோகிராமை 8 சர்வர்களில் ஏற்றினார்கள். ஊழியர் ஒருவர் ஒரு சர்வரை விட்டுட்டார். அதில் 2003-லேயே கைவிட்ட பழைய கோடு ஓட ஆரம்பித்தது. 45 நிமிடம் தப்பும் தவறுமாக நடந்த வர்த்தகத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அபராதம் விதிக்கப்பட்டது நிறுவனத்துக்குத்தான். ஏன்னா, இன்னொருவர் சரிபார்க்கணும் என்ற விதியே அங்கே இல்லை.

ஆனா என்னைத் தூங்க விடாதது வேற ஒரு விவரம். அன்று சந்தை திறக்கும் முன்பே, பிழையைக் காட்டும் 97 தானியங்கி மெயில்கள் ஊழியர்களுக்குப் போயிருக்கு. யாரும் அதை வைத்து எதுவும் செய்யலை.

எனக்கும் அப்படி ஒரு எச்சரிக்கை வந்துச்சு. அதை நான் என் மானிட்டரில் மட்டும் ஒட்டிக்கிட்டேன்.

மறுநாள் டீ குடிக்கும்போது தம்பியிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணா" என்றான். எனக்குப் பதில் இல்லை. மேனேஜரிடமும் போய்ச் சொன்னேன், திட்டு வாங்கினேன். அப்புறம் பாஸ்வேர்டையும் பெயரையும் மாற்றினோம். மொத்தம் அரை மணி நேர வேலை!

கம்பெனி இன்னும் அப்படியேதான் இருக்கு. அதை முழுசா சரி பண்ணும் அதிகாரம் என்னிடம் இல்லை, அந்தப் பழியையும் நான் சுமக்க வேண்டியதில்லை. ஆனா வழியில் குழி இருக்குன்னு தெரிஞ்சும் நான் மட்டும் தாண்டிப் போயிட்டா, பின்னாடி வர்றவன் விழுறதில் எனக்கும் பங்கு இருக்கு.

உங்க மானிட்டரிலும் அப்படி ஒரு சீட்டு இருக்கா? நாளைக்கே பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிடுங்க.