மூலம் என்ன பாவம் செய்தது?

தினமும் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது, 'இன்று என்ன நட்சத்திரம்?' என்று பார்க்கிறோம். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும், வீட்டில் உள்ள அத்தனை பேரின் நட்சத்திரத்தையும் மடமடவென்று சொல்லிவிடுகிறோம். ஆனால், அந்த நட்சத்திரங்களை வானத்தில் பார்த்திருக்கிறீர்களா?

சித்திரை பிறந்தால் வசந்த ருது. புழுக்கம் தாங்காமல் மொட்டை மாடிக்குப் போகும் இந்த ஒரு மாதம், இரவில் பத்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள். வடக்கே சப்தரிஷி மண்டலம் உயர்ந்து நிற்கும். அதன் வால் வளைவைப் பிடித்துக்கொண்டே வந்தால், பொன்னிறத்தில் ஜொலிப்பது சுவாதி. அதே வளைவில் இன்னும் தெற்கே வந்தால், வெண்மையாக மின்னுவது சித்திரை. தெருவிளக்கு வெளிச்சத்தையும் மீறி இவை தெரியும். பௌர்ணமி நிலவு இந்த நட்சத்திரத்தை ஒட்டி வருவதால்தான் மாதத்துக்கே சித்திரை என்று பெயர்.

பிறகு, சந்திரனைக் கவனியுங்கள். இன்று ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் இருப்பான். நாளை சுமார் 13 டிகிரி கிழக்கே நகர்ந்து அடுத்ததன் பக்கத்தில் இருப்பான். இப்படி ஒரு சுற்று வர, 27 நாட்களும் சில மணி நேரமும் ஆகும். காலண்டரில் நாம் பார்ப்பது இந்தப் பயணத்தைத்தான்.

இந்த 27 பேரும் தட்சனின் புதல்விகள், சந்திரனின் மனைவியர் என்கிறது புராணம். ரோகிணியிடம் மட்டும் பிரியம் காட்டி, மற்றவர்களை ஒதுக்கினான் சந்திரன். அவர்கள் தந்தையிடம் முறையிட, தேய்ந்து போகும்படி சபித்தான் தட்சன். சிவபெருமான் சடைமுடியில் சூடிக் காத்ததால்தான் மீண்டும் வளர்கிறான். ரோகிணியை நேசித்தது அவன் குற்றமா? இல்லை. மற்றவர்களைப் புறக்கணித்ததுதான் குற்றம்!

இப்போது நம்மைப் பார்ப்போம். 'மூலமா? மாமனாருக்கு ஆகாது', 'ஆயில்யமா? மாமியாருக்கு ஆகாது' என்று எத்தனை ஜாதகங்களைத் திறந்தும் பார்க்காமல் திருப்பி அனுப்புகிறோம்! அந்தப் பெண்ணின் படிப்பு, பண்பு, பெற்றவளின் கண்ணீர் எதுவும் நம் கணக்கில் வருவதில்லை.

மூலத்தில் அவதரித்த ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறோம். நவராத்திரியில் மூல நட்சத்திரத்தன்று சரஸ்வதியை ஆவாகனம் செய்கிறோம். ஆயில்யத்தில் பிறந்த லட்சுமணன், அண்ணனையும் அண்ணியையும் கண்ணை இமை காப்பதுபோல் காத்தான். தெய்வத்துக்கு ஆகிற நட்சத்திரம் மருமகளுக்கு ஆகாதா?

'அப்படியானால் ஜாதகமே பார்க்கக் கூடாதா?' என்று கேட்பீர்கள். தாராளமாகப் பாருங்கள். முழு ஜாதகத்தையும் பார்த்துப் பொருத்தம் தேடுவது, இருவரும் நன்றாக வாழ வேண்டும் என்கிற அக்கறை. நட்சத்திரப் பெயரைக் கேட்டதுமே ஒதுக்குவது, விசாரிக்காமல் வழங்கும் தண்டனை. பிறந்த நேரத்தை எந்தக் குழந்தையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு வருவதில்லையே!

சித்திரைப் பௌர்ணமி கழிந்த சில நாட்களில், நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் தென்கிழக்கே பாருங்கள். தேள்போல ஒரு நட்சத்திரக் கூட்டம் எழுந்து வரும். அதன் வளைந்த வால்தான் மூலம். ஒருமுறை சாபம் பெற்ற சந்திரன், அதைத் தாண்டிக் குதித்து ஓடுவதில்லை. மற்றவர்களிடம் தங்குவதுபோல் மூலத்திடமும் ஒரு நாள் தங்கிவிட்டுத்தான் போகிறான்.

அடுத்த முறை தரகர் மூல நட்சத்திர ஜாதகத்தை நீட்டினால், உடனே மூடி வைத்துவிடாதீர்கள். முதலில் அந்தப் பெண்ணை ஒருமுறை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.