வீட்டு முற்றத்தில் பிரெய்ரி: ஓட்டை விழுந்த இலையும் ஸதகாதான்



அல்லாஹு தஆலா ஒவ்வொரு மண்ணுக்கும் அதற்கேற்ற புல் பூண்டுகளைப் படைத்தான். அவற்றை நம்பி வாழும் உயிர்களையும் அவனே படைத்தான். பிழைப்புக்காக இல்லினாய் மாநிலத்துக்கு வந்து, அல்ஹம்து லில்லாஹ், சொந்த வீடும் வாங்கிவிட்டீர்கள். வாராவாரம் நீங்கள் வெட்டும் அந்தப் புல்தரை இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று யோசித்ததுண்டா?

அமெரிக்கர்கள் இல்லினாயை 'பிரெய்ரி மாநிலம்' என்றே அழைப்பார்கள். ஒரு காலத்தில் அங்கே சுமார் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் உயர்ந்த புல்லும் பூவுமாக இருந்தது. 1837-இல் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார். அதன்பின் அந்தக் கெட்டியான மண்ணும் வேகமாக உழவுக்கு வந்தது. இன்று பழைய தன்மை கெடாமல் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உழுதது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை, மக்களுக்குச் சோறு வேண்டும். ஆனால் வெறும் அழகுக்காக வளர்க்கும் புல்லுக்கு அந்த நியாயம் பொருந்துமா?

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ, பறவையோ, பிராணியோ சாப்பிட்டால் அது அவருக்கு ஸதகா என்பது அதன் கருத்து. இதைக் கேட்டதும் நமக்கு மாமரமும் தென்னையும்தான் நினைவுக்கு வரும். ஏனென்றால் பழம் நம் வாய்க்கு வரவேண்டும்! நபி (ஸல்) அவர்கள் பறவையையும் பிராணியையும் சேர்த்தே சொன்னார்கள்.

மோனார்க் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியைப் பாருங்கள். குளிர் காலத்தைக் கழிக்க அங்கிருந்து மெக்சிகோ மலைகள் வரை பறக்கிறது. அதன் புழுவுக்கு மில்க்வீட் இலையைத் தவிர வேறு உணவு கிடையாது. நம் ஊர் எருக்கும் இந்த மில்க்வீடும் ஒரே குடும்பம். ஒடித்தால் அதே பால் வடியும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இலையில் ஓட்டை விழுந்தால் மருந்தடிக்க ஓடாதீர்கள். நீங்கள் விருந்துக்கு அழைத்தவர் வந்துவிட்டார் என்று பொருள்.

தண்ணீர் விஷயமும் இருக்கிறது. ஒரு 'முத்து' தண்ணீரில் உளூ செய்த நபியின் உம்மத் நாம். கோடையில் புல்தரைக்கு எவ்வளவு கொட்டுகிறோம்? காம்பஸ் பிளான்ட் என்ற பிரெய்ரிச் செடியின் வேர் 15 அடி வரை இறங்கும். இத்தகைய செடிகள் ஒருமுறை நிலைத்துவிட்டால் பெரும்பாலும் மழையே போதும்.

முழு முற்றத்தையும் ஒரே நாளில் கொத்திப் போடாதீர்கள். பத்தடிக்குப் பத்தடி போதும். இலையுதிர் காலத்தில் புல்லின் மேல் அட்டைகளைப் பரப்பி, மரத்தூள் சில்லுகளைக் கொட்டி வையுங்கள். மே மாதம் அதில் துளையிட்டு நாற்று நடலாம்: பட்டர்ஃபிளை மில்க்வீட், பர்ப்பிள் கோன்ஃபிளவர், லிட்டில் ப்ளூஸ்டெம் புல். விதையாகத் தூவுவதென்றால் வெறும் மண்ணில் நவம்பரில் தூவுங்கள். பல விதைகளுக்குக் குளிர் பட்டால்தான் முளை வரும். உரம் வேண்டாம், அது களையைத்தான் வளர்க்கும். பாதுகாக்கப்பட்ட பிரெய்ரிக்குள் புகுந்து செடி பிடுங்கி வருவது பிறர் உடைமையை எடுப்பது. காசு கொடுத்து நாற்றுப் பண்ணையில் வாங்குங்கள்.

முதல் வருடம் மேலே ஒன்றும் தெரியாது. செடி வேர் விடுவதில்தான் இருக்கும். விதைத்ததாக இருந்தால் நன்றாகப் பூக்க மூன்று வருடம்கூட ஆகலாம். ஸப்ர் வேண்டும்.

அதுவரை பக்கத்து வீட்டுக்காரருக்கு அது புதராகத்தான் தெரியும். இங்கேதான் கவனம் தேவை. அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர் விஷயத்தில் வலியுறுத்தினார்கள். உங்கள் ஸதகா அவருக்குத் தொல்லையாகக் கூடாது. ஆகவே நடுவதற்கு முன்பே அவரிடம் பேசுங்கள். ஊராட்சியின் களை உயர விதியையும் குடியிருப்போர் சங்க விதியையும் படியுங்கள். நடைபாதை ஓரம் ஒரு பட்டை வெட்டிய புல்லை விட்டு, உயரமான செடிகளை உள்ளே நடுங்கள். முதல் பூ பூத்ததும் அவர் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் புழுவைக் காட்டுங்கள்.

குளிர் காலத்தில் காய்ந்த தண்டுகளை வெட்டிவிடாதீர்கள். கோல்ட்ஃபிஞ்ச் பறவை அந்த விதைகளைத் தின்ன வரும், சில தேனீக்கள் தண்டுக்குள் தங்கியிருக்கும். மார்ச், ஏப்ரல் வரை பொறுங்கள்.

அல்லாஹு தஆலா தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.