கண்ணுக்குத் தெரியாத கைப்பிடி

மேசைமேல் ஒரு கப். அதன் கைப்பிடி பின்பக்கம் திரும்பியிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது தெரியாது. முன்பக்கத்தில் ஒரு பூ பளிச்சென்று தெரிகிறது. இதைப் பார்த்து வரையச் சொன்னார்கள். பிரிட்டனில் நார்மன் ஃப்ரீமன் என்ற உளவியலாளர் சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து நடத்தி, 1972இல் வெளியிட்ட சோதனை இது. வரைந்தவர்கள் ஐந்து வயது முதல் ஒன்பது வயது வரையிலான பிள்ளைகள். சின்னவர்கள் பெரும்பாலும் கைப்பிடியை வரைந்தார்கள், பூவை விட்டுவிட்டார்கள். எட்டு வயதையொட்டி இது தலைகீழாக மாறியது: பூ வந்தது, கைப்பிடி போயிற்று. தெரியாத கைப்பிடியை ஏன் வரைந்தார்கள் என்பதற்கு ஏதாவது ஒரு விளக்கம் சொல்லிவிடலாம். கண்ணெதிரே இருந்த பூ எப்படி விடுபட்டது என்பதுதான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. கண்ணில் குறையில்லை, கையிலும் குறையில்லை. கைப்பிடியின் வளைவைப் போடத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்து இதழ் போடுவது பெரிய காரியமா?

பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927இல் வெளியிட்ட குழந்தை ஓவியம் பற்றிய நூலில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. சிறு குழந்தை கண்ணுக்குத் தெரிவதைவிட மனத்துக்குத் தெரிந்ததை வரைகிறது என்றார் அவர். கப் என்றால் பிடி வேண்டும். பிடி இல்லாவிட்டால் அது டம்ளர். பூ எதன்மேலும் இருக்கலாம், தட்டில், தலையணை உறையில், சட்டையில். ஆகவே குழந்தை அவசியமானதை வைத்துக்கொண்டு தற்செயலானதைத் தள்ளியிருக்கிறது. இதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும், பண்டைய எகிப்தின் நெபாமூன் கல்லறைச் சுவரோவியத்தில் ஒரு குளம் மேலிருந்து பார்த்ததுபோலவும், அதன் மீன்களும் சுற்றியுள்ள மரங்களும் பக்கவாட்டில் பார்த்ததுபோலவும் தீட்டப்பட்டிருக்கின்றன. எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஒரு தோட்டம் இப்படித் தெரியாது. நம் நாட்டில் குஜராத், ராஜஸ்தான் பக்கத்துச் சமணச் சுவடி ஓவியங்களில், பக்கவாட்டில் திரும்பிய முகத்தின் மறுபக்கக் கண், கன்னத்தின் கோட்டையும் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மறைந்திருக்க வேண்டிய கண் அது. அவற்றைத் தீட்டியவர்கள் பல தலைமுறைப் பயிற்சி உள்ளவர்கள். ஐந்து வயதுப் பிள்ளையை அவர்களுக்குச் சமமாக வைக்க நான் வரவில்லை. தெரிவதை மட்டுமே வரைய வேண்டும் என்பது பல விதிகளில் ஒரு விதி, அவ்வளவே.

வீட்டில் பிள்ளைக்கு வரையச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறோம். "பிடி எங்கடா தெரியுது? நல்லாப் பாரு" என்று ரப்பரை எடுத்து அழிக்கிறோம். இல்லையென்றால் குழந்தையின் கையைப் பிடித்து நாமே போட்டுக் காட்டுகிறோம். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம், கீழே வளைந்து ஓடும் ஆறு, வானத்தில் எழுத்துப்போல நாலு பறவை. மலையே கண்ணில் படாத காவிரிப் படுகையிலும் பிள்ளைகள் இந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். இது அவர்கள் பார்த்ததும் அல்ல, அறிந்ததும் அல்ல. ஒரு படத்தைப் பார்த்துப் போட்ட இன்னொரு படம், பெரியவர்கள் மெச்சும் படம். கப்பின் பிடியை வரைந்த குழந்தையிடம் கப்பைப் பற்றிய அறிவாவது இருந்தது.

அப்படியானால் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், தாளையும் கிரேயானையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம் என்பார்கள். மதிக்க வேண்டிய வாதம் இது. வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிசெக் 1897இல் குழந்தைகளுக்கான ஓவிய வகுப்பைத் தொடங்கியபோது அவர் விரும்பியது இந்தச் சுதந்திரத்தைத்தான். அங்கிருந்து அமெரிக்கா சென்ற விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் எழுதிய நூலில், வண்ணம் தீட்டும் புத்தகங்கள் குழந்தையின் சொந்தக் கோட்டைக் கெடுக்கின்றன என்று கடுமையாக எதிர்த்தார். கெடுப்பதைத் தடுப்பதில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் பெற்றோர் ஒதுங்கிக்கொண்டால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. கார்ட்டூன் வருகிறது, நோட்டுப் புத்தக அட்டை வருகிறது, பக்கத்து வீட்டு அக்கா வருகிறாள். பிள்ளைகள் ஒருவர் படத்திலிருந்து மற்றவர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஒதுங்குவதற்கும் திணிப்பதற்கும் நடுவே வேறொரு வழி உண்டு என்பதற்கு அதே கப்பே சாட்சி. ஃப்ரீமனின் சோதனைக்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1983இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் இரண்டு கப்களை அருகருகே வைத்தார்கள். ஒன்றில் பிடி தெரிந்தது, மற்றதில் தெரியவில்லை. தனிக் கப்பென்றால் பிடி போட்டுவிடும் வயதுள்ள பிள்ளைகளில் பலர், இப்போது பிடி மறைந்த கப்பைப் பிடியில்லாமல் வரைந்தார்கள். யாரும் கையைப் பிடிக்கவில்லை, யாரும் அழிக்கவில்லை. போலீஸ்காரனிடமிருந்து தப்பிய திருடன் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான் என்று உளவியலாளர் மாரீன் காக்ஸ் 1981இல் கதையாகச் சொன்னபோது, சின்னப் பிள்ளைகளும் சுவருக்கு மேலே தெரியும் பகுதியை மட்டும் வரைந்தார்கள். ஆகவே அவர்களுக்குப் பார்க்கத் தெரியும். ஒரு கப்பை மட்டும் வைத்தால் "இது என்ன?" என்று நாம் கேட்பதாகக் குழந்தை எடுத்துக்கொள்கிறது, இரண்டை வைத்தால் "இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்பதாக எடுத்துக்கொள்கிறது. வீட்டில் நாம் செய்யக்கூடியது கேள்வியை மாற்றுவது. ஒரு மாவிலைக்குப் பதில் மாவிலையையும் பூவரசிலையையும் சேர்த்து வைக்கலாம். இதற்கு அப்பா அம்மாவுக்கு வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும். கலை என்றால் ஒழுங்கு வேண்டும், பார்த்துப் போட்டுப் பழகாமல் கை படியாது, நம் வீட்டுக் கோலமே அப்படி வந்ததுதானே என்பார்கள். உண்மைதான். தமிழ்நாட்டில் வீட்டிலேயே கற்றுத்தரப்படும் ஓவியம் என்று ஒன்று உண்டென்றால் அது கோலம். ஆனால் அது எப்படிக் கைக்கு வருகிறது என்று கவனியுங்கள். சிறுமி முடிந்த கோலத்தை மட்டும் பார்ப்பதில்லை. அம்மா புள்ளி வைப்பதை, இழை எங்கே திரும்புகிறது என்பதை, மாவு விரலிடுக்கில் இறங்கும் வேகத்தைப் பார்க்கிறாள். முதலில் ஓரத்தில் சின்னதாக ஒன்று போட இடம் கிடைக்கிறது. நோட்டில் போட்டுப் பார்க்கிறாள். தப்பினால் கையால் துடைத்துவிட்டு மறுபடியும் போடலாம். மறுநாள் காலை தண்ணீர் தெளித்தால் நேற்றையது, நன்றாக வந்ததும் வராததும், போய்விடுகிறது. யாரும் மதிப்பெண் போட்டு வைப்பதில்லை. பார்த்துப் போடுவதை நான் எதிர்க்கவில்லை. போடுகிறவரின் பக்கத்தில் இருந்து பழகுவதும், போட்டு முடித்த படத்தைக் கொடுத்து அதேபோல் வேண்டும் என்பதும் ஒன்றல்ல.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு விஷயத்தில் என்னால் உறுதியாகப் பேச முடியவில்லை. எட்டு வயதில் பூ வந்து கைப்பிடி போகிறதே, அது வரவா, இழப்பா? உளவியலாளர் ஹாவர்ட் கார்ட்னர் 1980இல் எழுதிய நூலில், சின்ன வயதில் துணிச்சலாக இருக்கும் குழந்தை ஓவியம் பள்ளி நடுவயதில் மங்குகிறது என்று கவலைப்பட்டார். அவர் வழியில் வந்த ஆய்வுகளும் அதை உறுதிசெய்வதுபோல் இருந்தன. பிறகு கனடாவில் சீன வம்சாவளியினரை நடுவர்களாக வைத்து அதேபோன்ற ஓவியங்களை மதிப்பிடச் சொன்னபோது, அந்தச் சரிவு தென்படவில்லை; பெரிய பிள்ளைகளின் நேர்த்தியான படங்களையே அவர்கள் உயர்வாகக் கருதினார்கள். சரிவு குழந்தையிடம் இருக்கிறதா, பார்க்கிறவர் ரசனையில் இருக்கிறதா என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை என்னிடம் இல்லை. பல பிள்ளைகள் ஒன்பது, பத்து வயதையொட்டி வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. உள்ளதை உள்ளபடி வரைய ஆசை வந்துவிட்டது, கை இன்னும் அதற்கு வரவில்லை. அந்த வயதில் ஒரு பிள்ளை "எனக்கு வரைய வராது" என்று தாளைத் தள்ளினால், "நல்லாத்தானே இருக்கு" என்று தேற்றி அனுப்பிவிடாதீர்கள். எந்த இடம் நினைத்தபடி வரவில்லை என்று கேளுங்கள். வரைய எடுத்த பொருளின் பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வையுங்கள், நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.