சூடோவுக்கு முன் ஒரு பிரமாணக் கேள்வி

ராமாநுஜர் 1017-இல் அவதரித்ததாக மரபு சொல்லும் ஸ்ரீபெரும்புதூர், இன்று ஒரகடத்தோடு சேர்ந்து காரும் லாரியும் கைபேசியும் செய்யும் தொழிற்பட்டை. அங்கே ஒரு லினக்ஸ் டெர்மினலில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று அடிக்கும் பொறியாளர், தாம் படித்தே பாராத, எழுதியவர் முகம் அறியாத நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடுகிறார். இது மூடநம்பிக்கை இல்லையா? இல்லை என்பதே என் வாதம். அதற்கான தர்க்கம் அந்த ஊரில் பிறந்தவரின் தரிசனத்திலேயே இருக்கிறது.

ராமாநுஜரின் விசிஷ்டாத்வைதம் ஏற்கும் பிரமாணங்கள், அதாவது அறிவு பெறும் வழிகள், மூன்று: பிரத்யட்சம் (நேரில் அறிதல்), அனுமானம் (ஊகித்தறிதல்), சப்தம் (சொல்). பேக்கேஜ் நிறுவுவது மூன்றாவதைச் சேர்ந்தது. பிறர் சொல்லை ஏற்பது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், பேக்கேஜ் களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பில் கையொப்பம் இருக்கும். பேக்கேஜ் பட்டியலின் ஹாஷ் அந்தக் கோப்பிலும், ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷ் அந்தப் பட்டியலிலும் இருக்கும். ஆனால் இந்தச் சங்கிலி சொன்னவர் யார் என்பதைத்தான் உறுதிப்படுத்தும். சொன்னது நல்லதா என்பதை அல்ல. அப்படியானால் எந்த உரிமையில் நம்புகிறோம்? நியாய தரிசனத்தாரான நையாயிகர் விடை: அறிவின் மெய்மை வெளியிலிருந்து நிறுவப்பட வேண்டும். மீமாம்சகரும் ராமாநுஜ மரபினரும் இதை மறுத்தார்கள். அறிவு தன்னளவிலேயே மெய். அதை முறிக்கும் பாதகம் தோன்றும்வரை ஏற்கத்தக்கது. சோதனைக்கு ஒரு சோதனை, அதற்கும் ஒரு சோதனை என்று போனால் முடிவே இராது. அனவஸ்தை என்ற குற்றம் அது. 1984-இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் கணினி அறிஞர் கென் தாம்ப்சன் காட்டியதும் ஏறக்குறைய இதுவே. மூல நிரலில் ஒரு குறையும் இல்லாதபோதும் கம்பைலர் கள்ளக்கதவைச் செருக முடியும். எல்லாவற்றையும் நானே படித்துத்தான் நிறுவுவேன் என்பவரும் எங்கோ ஓரிடத்தில் பிறர் சொல்லில்தான் நிற்கிறார்.

இதற்கு வலுவான ஆட்சேபம், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலின் விவகாரம். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் ஈராண்டுக்கு மேல் பொறுமையாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்து, 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வைத்தார். கையொப்பமெல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் நையாயிகரின் உரைகல்லும் இங்கே உதவவில்லை. செயல் பயனில் முடிந்தால் அறிவு மெய் என்பது அவர்கள் கட்சி. அந்த எக்ஸ்இசட்டோ கோப்புகளை ஒழுங்காகச் சுருக்கிக்கொண்டுதான் இருந்தது! எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கண்டு ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் துருவினார். மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். வந்தது பாதகம், விழுந்தது நம்பிக்கை. டெபியனின் நிலையான பதிப்பை அந்த நிரல் எட்டவே இல்லை.

இந்த மரபில் சப்தப் பிரமாணமான வேதத்துக்கு ஆசிரியர் இல்லை, அதனால் வஞ்சகமும் இல்லை; பேக்கேஜுக்கு ஆசிரியர் உண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் பாதகம் வரும் வழி இங்கே இன்னும் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். இணையத்தில் இணையாத ஆலைக் கணினிகளுக்குக் களஞ்சியத்தின் நகலை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. கையொப்ப எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறதென்று அங்கே களஞ்சிய வரியில் 'டிரஸ்டட்=யெஸ்' என்று ஒரு குறிப்பைச் சேர்க்கிறார்களே, அதுதான் மூடநம்பிக்கை. அந்தக் குறிப்பு உங்கள் கணினியில் இருந்தால் இன்றே நீக்குங்கள்.