மேசைமேல் மாரிக்குப்பம்

பங்காரப்பேட்டையிலிருந்து கோலார் தங்கவயலுக்குள் 1894இல் வந்த மாரிக்குப்பம் கிளைப்பாதை ஏறத்தாழ 16 கி.மீ. நீளம். மாதிரி ரயில் கட்டுவோர் பரவலாகக் கையாளும் எச்.ஓ. அளவில், அதாவது 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும், 180 மீட்டரைத் தாண்டும். ஆகவே மாரிக்குப்பம் முனையத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னணியில் சுரங்கக் கோபுரமும், தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைடு மண்மேடும் அமைப்பதே பொருத்தம். அந்த மேடு இல்லாவிட்டால் அது தங்கவயலே அல்ல. எச்.ஓ. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.; இந்திய அகலப்பாதைக்கு 19 மி.மீ.க்குச் சற்று அதிகம் வேண்டும். பெரும்பாலோர் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

வயரிங்கில்தான் கவனம் தேவை. 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றது எதிர்முனை. மாற்றிக் கொடுத்தால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். பாதை வளைந்து எதிர்த்திசையில் தன்னோடே சேருமிடத்தில் ஷார்ட் சர்க்யூட் ஆகும். கிளைப்பாதை முனையத்தில் அந்தத் தொல்லை இல்லை. எஞ்சின் கழன்று மறுமுனைக்கு வரும் துணைப்பாதையை மட்டும் மின்காப்பு இணைப்பால் பிரித்து, தனி சுவிட்ச் வைக்க வேண்டும்.

தூரம் கூடக்கூட மின்னழுத்தம் குறையும். 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கி.மீ. கடந்து தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தபோது, உயர் மின்னழுத்தமே இழப்பைக் கட்டுப்படுத்தியது. மாதிரி ரயிலில் அதற்கு வழியில்லை. பலகைக்கு அடியில் தடித்த செம்புக் கம்பி இரண்டை ஓடவிட்டு, மீட்டருக்கு ஒருமுறையாவது மெல்லிய கம்பியால் தண்டவாளத்தோடு பற்றவைக்க வேண்டும். தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகளை மட்டும் நம்பினால், அவை களிம்பேறித் தளர்ந்ததும் எஞ்சின் நின்றுவிடும்.