மண்ணுக்குள் காந்தள்

வைகாசி

கோடை மழை பெய்து மண் பொலபொலவென்று இருக்கிறது. காந்தள் கிழங்கைப் பிரித்து நட இதுதான் நேரம். கலப்பை போல வளைந்த கிழங்கில் முளை இருப்பது நுனியில் மட்டும். அது ஒடிந்துவிட்டால் மீதி எத்தனை பருத்திருந்தாலும் முளைக்காது. அதனால் கடப்பாரையைத் தொடுவதில்லை. கையுறை போட்டுக்கொண்டு விரலால் மண்ணை விலக்குகிறேன். கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்கிசின் உயிரைக் குடித்துவிடும். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இதை நடவே கூடாது. யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டுவலிக்கு மருந்தும் அந்தக் கொல்கிசின்தான். அதற்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக இதை வயலில் பயிரிடுகிறார்கள்.

ஆடி

கொடி கிளுவை வேலியை எட்டிவிட்டது. பற்றிக்கொள்ள இதற்குத் தனி உறுப்பு இல்லை. இலை நுனியே சுருண்டு முள்ளைப் பிடிக்கிறது.

ஐப்பசி

மொட்டு தலைகீழாகத் தொங்குகிறது. விரியும்போது ஆறு இதழ்களும் பின்னால் மடிந்து மேல்நோக்கி எழுகின்றன. முதலில் பச்சை, பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், முடிவில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் இந்த எல்லா நிறமும் சேர்ந்து நிற்கும் காலைகளில் வேறு வேலை ஓடுவதில்லை.

சூல்தண்டு மகரந்தத்தை விட்டு ஒருபக்கமாக மடங்கி விலகி நிற்கிறது. அதனால்தான் வயலில் விடிந்ததும் ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள். இங்கே அதை வண்ணத்துப்பூச்சிகளுக்கு விட்டிருக்கிறேன்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை அடுக்கத் தொடங்குவது காந்தளில். இந்தக் கொடியின் முன்னால் நிற்கும்போது, வேறு எந்தப் பூவில் அவர் தொடங்கியிருக்க முடியும் என்று தோன்றுகிறது.

தை

காய் வெடித்துச் செந்நிற விதைகள் தெரிகின்றன. கொடி காய்கிறது. தண்ணீரை நிறுத்திவிட்டேன். ஈரம் தங்கினால் கிழங்கு அழுகிவிடும். வாடும் செடியைப் பார்த்தும் வாளியை எடுக்காமல் இருக்கக் கை பழக வேண்டும். காந்தள் வளர்ப்பில் கடினமான பகுதி இதுதான்.

வைகாசியில் நட்ட கிழங்கு இப்போது இல்லை. தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடிக்குக் கொடுத்துவிட்டு அது சுருங்கிப்போக, அதன் இடத்தில் புதுக்கிழங்கு திரண்டிருக்கும். ஆண்டுதோறும் இப்படித்தான். பல ஆண்டு வாழும் செடி என்று நாம் சொல்வதில் சென்ற ஆண்டின் தண்டும் இல்லை, இலையும் இல்லை, கிழங்கும் இல்லை. ஆனாலும் அதே காந்தள் என்றுதான் மனம் சொல்கிறது. அது எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறது என்று இந்த மாதம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இடம் தெரியச் சுற்றிலும் குச்சி நட்டாயிற்று. மழை வரும்வரை அங்கே மண்வெட்டி போட வேண்டாம் என்று தோட்ட வேலைக்கு வருபவரிடமும் சொல்லிவிட்டேன்.