பிணை நின்றவர்

சிறைப்பட்ட ஒருவரை மீட்க விரும்புவோர், "அவர் குற்றமற்றவர்" என்று முறையிடுவது வழக்கம். "அவர் எனக்குத் தேவைப்படுகிறார்" என்று முறையிடுவதும் அறமாகுமா? லெவ் லந்தாவின் வரலாறு எழுப்பும் வினா இது.

உலோகங்களிலுள்ள எலெக்ட்ரான்களின் காந்தப் பண்பை 1930-இலும், பொருள்களின் நிலைமாற்றங்களை 1937-இலும் விளக்கிப் பெயர்பெற்ற இந்த ரஷ்ய இயற்பியலார், 1938 ஏப்ரல் 28 அன்று மாஸ்கோவில் கைதானார். ஸ்டாலினைப் பாசிஸ்டு எனச் சாடிய துண்டறிக்கை ஒன்று, மே தின ஊர்வலத்திற்கென எழுதப்பட்டிருந்தது. அதில் அவருடைய நண்பர் கோரெட்ஸுக்கும் பங்குண்டு. ஆகவே, "குற்றமற்றவர்" என்னும் வாதம், அன்றைய ஆட்சியாளரின் கணக்கில் எடுபடுவதாயில்லை.

அவர் பணியாற்றிய ஆய்வகத்தின் தலைவர் பியோதர் கபீட்சா அன்றே ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். லந்தாவ் குணங்கெட்டவர், பெரியோரின் பிழைகளைத் தேடிப் பிடித்துக் கேலி செய்பவர் என்று அதில் ஒப்புக்கொண்டார். (பரிந்துரைக் கடிதம் எழுதுவோர் இத்துணை நேர்மையாக எழுதுவதில்லை!) பயனில்லை. ஓராண்டு கழிந்தது. 1939 ஏப்ரலில் மொலோத்தவுக்கு வேறு வகையில் எழுதினார்: கடுங்குளிரில் திரவ ஹீலியம் தடையின்றிப் பாயும் விந்தையைத் தாம் கண்டிருப்பதாகவும், அதை விளக்கக் கோட்பாட்டு அறிஞர் ஒருவர் வேண்டும் என்றும். பின்னர் பெரியாவுக்குப் பிணைமுறி எழுதிக் கொடுத்தார். லந்தாவ் ஆட்சிக்கு எதிராகப் பேசினால் உடனே காவல்துறைக்கு அறிவிப்பதாகவும் அதில் உறுதி தந்தார். ஏப்ரல் 28 அன்று லந்தாவ் விடுதலையானார். வாக்கு வீண்போகவில்லை. 1941-இல் ஹீலியத்தின் விந்தைக்கு அவர் தந்த விளக்கம் வெளிவந்தது. 1962-இல் நோபல் பரிசும் வந்தது.

கபீட்சாவைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கொடுங்கோலனிடம் மனித மாண்பைப் பேசிப் பயனில்லை. அவன் அறிந்த மொழியிலேயே அவர் பேசினார். அந்த மொழிக்குத் தம் பெயரையே ஈடாகவும் வைத்தார். 1946-இல் அவரே தம் ஆய்வகத்தை இழந்தார் என்பதையும் நினைவுகூர்தல் வேண்டும்.

ஆயினும் நெஞ்சை உறுத்துவது கோரெட்ஸின் நிலை. அதே துண்டறிக்கைக்காக அவர் நீண்ட ஆண்டுகள் உழைப்பு முகாம்களில் வாடினார். ஹீலியத்தை விளக்க அவர் தேவைப்படவில்லை. பயன் என்னும் அளவுகோலை நல்லவர் ஒருவர் நல்ல நோக்கத்தோடு கையிலெடுத்தபோதும், அது ஒருவரை அளந்து ஏற்றது, மற்றவரை அளக்கவுமில்லை.

லந்தாவ் 1968-இல் காலமானார்; கபீட்சா 1984-இல். லந்தாவின் மீதான வழக்கு தள்ளுபடியானதோ 1990-இல்தான். அதுவரை அரசின் ஏடுகளில் அவர் பிணையில் விடப்பட்ட குற்றவாளியாகவே இருந்தார்.